எட்டடிக்கு ஒன்பதடி

எங்க தெருவுல பேய்க்குப் பேர் உண்டு. அதைக் கொன்னவனுக்குத்தான் பேர் கிடையாது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவுல எங்க ஊர். ராத்திரியில அம்மா தீப்பெட்டி ஒட்டும். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ், கூலி குரோஸ் கணக்கில்தான். நாங்க தூங்கி விழாம இருக்கப் பேய்க்கதை சொல்லும். கம்மாய்க்கரைக் கிணத்துல செத்துப்போன ஒருத்தி உச்சிவேளையில தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருப்பாள். அவள் கட்டியிருந்த சேலையின் நிறம், கையில் வைத்திருந்த தூக்குவாளி, செத்த அன்னிக்கு என்ன கிழமை, எல்லாம் அந்தக் கதையில் உண்டு. "அவள யாரும்மா தள்ளிவிட்டது?" என்று கேட்டால் மட்டும், "சும்மா கெட. பசையக் கிண்டு" என்று பதில் வரும்.

ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது. கதை சொன்னவங்க மறுநாள் விடிஞ்சதும் அந்த வீட்டுப் புஞ்சைக்குத்தான் களையெடுக்கப் போகணும். காவல் நிலையத்தில் பதிவாகாத கொலை சேரியில் பேய்க்கதையாகப் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்யும்போதே கொலைகாரனை விட்டுவிட வேண்டியும் இருந்திருக்கிறது. நம் பேய்க்கதைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய பகுத்தறிவாளர்களும், நாட்டார் வழக்காறு என்று சேகரித்த பேராசிரியர்களும் இந்த ஓட்டையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனித்தவர் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா. 1994இல் வந்த 'சங்கதி'யைப் பலரும் பெண்கள் படும் பாட்டின் பதிவாகவே வாசித்துவிட்டார்கள். அதில் வரும் பேய்ப் பகுதியைத் தனியே எடுத்து வாசிக்க வேண்டும். அங்கே பேய்க்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. சாதி மாறிப் போனதற்காக, வயித்துப் பிள்ளைக்காரியை உடன்பிறந்தவர்களே கொன்ற கதை அது. கொன்றவர்கள் யார் என்பது கதைக்குள்ளேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அடுத்து இன்னொரு கேள்வியும் வருகிறது: பேய் ஏன் நம்ம பொம்பளைகளையே தேடி வந்து பிடிக்குது? ஓய்வில்லாத உழைப்பு, வீட்டில் அடி, காட்டில் பயம் என்று பாமா அதைப் பிரித்துக் காட்டுகிறார். நம்மைப் பயமுறுத்திய ஒரு கதையை நாமே அவிழ்த்துப் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டிய முதல் பிரதி அதுதான்.

பேய்க்கதையில் நடக்கும் இந்த விடுபடல் பொம்மையிலும் நடக்கிறது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ (1878-1962) என்றொரு சீமாட்டி இருந்தார். விவசாய எந்திரம் செய்து பெரும் பணம் சேர்த்த குடும்பம். 1940களில் இவர் மர்மச் சாவுகளைப் பொம்மை வீடுகளாகச் செய்தார். ஓரடிக்கு ஓரங்குலம் கணக்கு. பொம்மைக்குக் காலுறையைக்கூடக் குண்டூசிகளால் பின்னினாராம். போலீசாருக்குப் பார்க்கப் பழக்குவதற்காகச் செய்தவை இவை. செத்துக் கிடப்பவர்களில் பலர் ஏழைகள், பெண்கள், குடிகாரர்கள், பாலியல் தொழில் செய்தவர்கள். 'இவங்க செத்தா யாரு கேக்கப் போறா' என்று போலீஸ் தாண்டிப்போகும் சாவுகளை முன்னால் வைத்து, நின்னு பாரு என்று சொன்னது பெரிய காரியம். அதை நான் மதிக்கிறேன்.

அந்தப் பெட்டிகள் இப்போது பால்டிமோர் நகரில் இருக்கின்றன. விடைகளை இன்றும் வெளியே சொல்வதில்லை, பயிற்சிக்குத் தேவை என்பதால். 2017இல் வாஷிங்டனில் அவற்றைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தார்கள். அதே நாட்டில், 1892இல் ஒரு தகப்பனும் அவருடைய இரண்டாம் மனைவியும் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்ட லிஸ்ஸி போர்டன் வீடு, ஆட்கள் காசு கொடுத்து ராத்தங்கிப் போகும் விடுதியாகிவிட்டது. பழைய கொலை பொம்மையாகவும் பேய்க்கதையாகவும் விலைபோகிறது.

லீயின் பெட்டியில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் உண்டு. விடை எப்போதும் அந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கும் என்று அது நம்பச் சொல்கிறது. ரத்தக்கறை, நாற்காலி, சன்னல், கதவு இவற்றைக் கூர்ந்து பார்த்தால் போதும். சாதிக் கொலையை இப்படிப் பெட்டிக்குள் வைக்க முடியுமா?

செய்து பார்த்தோம். வாசிப்புக்கூட்டத்துக்கு வரும் மாணவர்களோடு சேர்ந்து, காலித் தீப்பெட்டிகளால் வெண்மணியின் ராமையா குடிசையைக் கட்டினோம். 1968 டிசம்பர் 25 இரவு. எட்டடிக்கு ஒன்பதடி என்று சொல்லப்படுகிற குடிசை. லீயின் கணக்குப்படி எட்டங்குலத்துக்கு ஒன்பதங்குலம். களிமண்ணில் 44 உருவம் பிடித்தோம். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். உள்ளே வைக்க ஆரம்பித்தோம். இருபதுக்கு மேல் போனதும் உட்கார்ந்த உருவங்களை எல்லாம் எடுத்துவிட்டு நிற்கிற மாதிரி மாற்ற வேண்டி வந்தது. ஆளுக்கு ஒண்ணரை அங்குல இடம். கடைசிப் பிள்ளைகளை மற்றவர்கள் தோளில்தான் வைக்க முடிந்தது. அதுவரை 44 என்பது எனக்கு ஓர் எண்ணாகத்தான் இருந்திருக்கிறது. கூட்டத்தில் அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, வெளிய நின்னவங்கள எங்க வைக்கிறது?"

பலகையில் இடம் விடவில்லை. குடிசையின் அளவுக்கே பலகையை அறுத்திருந்தோம். அரைப்படி நெல் கூலி உயர்வு, செங்கொடிச் சங்கம், அதை உடைக்க மிராசுதார்கள் வைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம், அடியாட்கள், எல்லாமே பலகைக்கு வெளியே. லீயின் பெட்டி தோற்றுப்போகும் இடம் இதுதான்.

நாங்கள் தெரியாமல் செய்ததைச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்தவர்களை அது விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற அளவுக்கு வசதியான பெரிய மனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். வெளியே நின்ற உருவங்களைச் சட்டமே எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. எரிந்த குடிசை மட்டும் மிச்சம்.

இலக்கியம் என்ன செய்தது? வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நாவல் கூலியையும் சங்கத்தையும் பேசாமல் இல்லை. ஆனால் பண்ணையாரின் கொடூரத்துக்குச் சாவியை அவருடைய ஆண்மைக் குறையில் தேடுகிறது. வெளியே நின்ற கூட்டத்தை எல்லாம் ஒரு மனுசனின் படுக்கையறைக்குள் அடைத்தாயிற்று. நாலு சுவர், உள்ளே விடை. நிலமும் சாதியும் ஒருத்தரின் நோயாகச் சுருங்கிவிட்டால் வாசகன் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நோய் அவனுக்கு இல்லையே!

இதை எழுதும் நான் இருக்கிற ஊரில் வெடிச்ச ரூம்களுக்கும் பேய் உண்டு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இடையிலும் பின்னும் எத்தனையோ. கரிஞ்ச சுவருக்குள்ள ராத்திரி பேச்சுச் சத்தம் கேக்குதுன்னு வாட்ச்மேன்கள் சொல்வார்கள். செத்தவங்க பேச இந்த ஊரில் அந்த ஒரு வழிதான் இருக்கிறது, அதனால் அந்தக் கதைகளை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கதையிலும் ரூமுக்குள் இருந்தவர்கள்தான் வருகிறார்கள். உரிமம் யார் பேரில், உள்குத்தகை யாருக்கு, அன்னிக்கு அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது யார் என்பது கதைக்குள் வருவதில்லை. எழுதுகிற தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேய்க்கதை எழுதுங்கள், பொம்மையும் செய்யுங்கள், பலகையை மட்டும் அகலமாக அறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டேன். இனி என் கதை. போன மாசம் அம்மாவிடம் கிணத்துக்காரியைப் பற்றி மறுபடி கேட்டேன். கண்ணு சரியாத் தெரியாத வயசு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தள்ளியவனின் பேரைச் சொன்னது. கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னது. அந்த ஆளின் பேரன் நடத்துகிற பட்டாசு ஆபீசுக்குத்தான் என் அக்கா மகள் தினமும் வேலைக்குப் போகிறாள்.

"எழுதிப்புடாத. அவ நாளைக்கு வேலைக்குப் போகணும்ல" என்றது அம்மா.

இந்தக் கட்டுரையிலும் அந்தப் பேர் இல்லை.