‘மேல் சிகிச்சைக்கு’: ஒரு சீட்டை வாசித்தல்

1

நாவலையும் கவிதையையும் கட்டுடைத்தது போதும். இம்முறை ஒரு சீட்டை வாசிப்போம். அரைத் தாள். அதன் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கையை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது எழுதித் தந்தது. பெயர்கள் வேண்டாம். ஏதாவது ஒரு கட்டிடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. கால் வீங்கியிருந்தது, விடாத தலைவலி, கண் மங்குகிறது என்றாள். பி.பி. 170/110. ‘இங்க வச்சிருக்க முடியாதும்மா, மேல அனுப்புறோம்’ என்றார் நர்ஸ். ‘மேலன்னா எங்கம்மா?’ என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பதில் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

சீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. மேல்பாதி ஆங்கிலம்: இத்தனையாவது பிரசவம், இத்தனை வாரம், ரத்த அழுத்தம், ‘ஹை ரிஸ்க்’, ‘ரெஃபர்டு டு ஹையர் சென்டர்’. கீழ்ப்பாதி தமிழ்: ‘நோயாளியின் நிலைமை எங்களுக்கு விளக்கிக் கூறப்பட்டது. வழியில் எது நேர்ந்தாலும் அதற்கு நாங்களே பொறுப்பு.’ அதன் கீழே என் கையெழுத்து. அதாவது அறிவு ஆங்கிலத்தில் இருக்கிறது, பொறுப்பு தமிழில் இருக்கிறது. மேல்பாதி அடுத்த டாக்டருக்காக எழுதப்பட்டது, கீழ்ப்பாதி ஒருவேளை வரப்போகும் விசாரணைக்காக. நடுவில் கிடக்கும் பெண்ணை நோக்கி ஒரு வாக்கியமும் இல்லை.

‘விளக்கிக் கூறப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். யார் கூறியது? என்ன கூறியது? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்ளும் என்று. அதிகாரத்தின் மொழியில் எழுவாய் எப்போதும் ஒளிந்துகொண்டுதான் இருக்கும். நமது பெயர் மட்டும் துல்லியமாக, உறவுமுறையோடு, நேரத்தோடு பதிவாகும்.

தங்கையும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. எனவே இது ஒப்பாரி அல்ல. பிழைத்துவிட்டவர்கள் எந்த விசாரணையிலும் வருவதில்லை என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

மறுநாள் வார்டில் கேட்ட வாசகம் ஒன்று: ‘லேட்டா கொண்டாந்துட்டு இப்ப அழுவுறாங்க.’ பக்கத்துக் கட்டிலில் இருந்த செங்கல் சூளைப் பெண்ணைப் பற்றி யாரோ யாரிடமோ சொன்னது. ‘லேட்’ என்ற இந்தச் சொல்லுக்கு ஒரு கோட்பாட்டுப் பின்னணி உண்டு.

1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவ கால மரணங்களை விளக்க ‘மூன்று தாமதங்கள்’ என்ற சட்டகத்தை முன்வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் சட்டகம் இது. ஆனால் நடைமுறையில் அதற்கு என்ன ஆனது? மூன்றில் முதலாவது மட்டும் பெரிதாகி நின்றது. படிக்காத புருஷன், மூடநம்பிக்கை மாமியார், ‘அவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது’. தாமதம் என்பது ஏழைகளின் குணமாக மாற்றப்பட்டது.

அந்த ஆய்வாளர்கள் சொன்னது இதுவல்ல. மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டவை என்றார்கள். போன இடத்தில் என்ன மரியாதை கிடைக்கும், என்ன வைத்தியம் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள்தான் போகத் தயங்குகிறார்கள். மூன்றாவது தாமதம்தான் முதல் தாமதத்தைப் பெற்றுப் போடுகிறது. போன தடவை அக்காவை மூன்று இடத்துக்கு அலைக்கழித்ததைக் கண்ணால் பார்த்த இருளர் குடும்பம், இந்தத் தடவை விடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குப் பெயர் அறியாமையா? அனுபவ அறிவு என்றல்லவா சொல்ல வேண்டும்?

இன்னொன்று. தமிழ்நாட்டில் இப்போது வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 99க்கும் மேலான பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கின்றன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. எங்கே பிரசவிக்க வேண்டும் என்ற அரசின் சொல்லுக்குப் பெண்கள் முழுமையாகக் கீழ்ப்படிந்துவிட்டார்கள். அப்படியானால் மிச்சமிருக்கும் ஆபத்து எங்கே இருக்கிறது? வீட்டுத் திண்ணையிலா? ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இன்னோர் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையில்தான் அதைத் தேட வேண்டும்.

3

அந்த ‘இடையில்’ என்பது நம் பக்கத்தில் எப்படி இருக்கிறது?

திண்டிவனம் ஒரு நாற்சந்தி. வடக்கே செங்கல்பட்டு, சென்னை. மேற்கே செஞ்சி, திருவண்ணாமலை. தென்கிழக்கே சாலை கோரிமேட்டில் ஜிப்மர் வாசலைத் தொட்டுப் புதுச்சேரிக்குள் போகிறது. தெற்கே விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கத்தில், விழுப்புரம் வருவதற்கு முன்பே, 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியானாலும் விழுப்புரமானாலும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மரக்காணம் உப்பளத்திலிருந்தோ செஞ்சி மலையடிவாரத்திலிருந்தோ வரும் பெண் திண்டிவனத்தை எட்டவே முப்பது கிலோமீட்டர் ஆகிவிடும். ‘மேல் சிகிச்சைக்கு’ என்று எழுதித் தரும்போது அவளுக்குப் பாதி வழிகூட முடிந்திருக்காது.

இங்கே ஒரு கேள்வி. ‘ஹையர் சென்டர்’ எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முடிவு செய்பவர் யார்? மத்திய அரசு நிறுவனம் ஒரு பக்கம், மாநில அரசு நிறுவனம் இன்னொரு பக்கம். எங்கே இன்றிரவு ரத்தம் இருக்கிறது, எங்கே மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார், எங்கே பச்சிளங் குழந்தைக்கு இன்குபேட்டர் காலியாக இருக்கிறது? இவை மருத்துவக் கேள்விகள். அன்றிரவு இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என் அம்மாவும் டிரைவரும். ‘அங்க போனா திருப்பி வுட்டுடுவாங்களா சார்?’ என்று நான் டிரைவரிடம்தான் கேட்டேன்.

நேரத்தின் கணக்கு வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். வலிப்பு வரும் நிலையிலுள்ள பெண்ணை முழுச் சிகிச்சை தர முடியாத இடத்திலிருந்து அனுப்பும்போது, மெக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸைப் போட்டுவிட்டு உடனே அனுப்ப வேண்டும் என்பது 2011 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பதை 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இலேயே காட்டிவிட்டது. விலை அதிகமில்லாத மருந்து. ஆக, நாற்பது கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் ஒரே நாற்பது அல்ல. ஊசி போட்டு, நரம்பில் டிரிப் ஏற்றி, ரத்த வகை எழுதி, நர்ஸ் ஒருவரைக் கூட அனுப்பி, அந்தப் பக்கம் போன் பண்ணிவிட்டு அனுப்பினால் அது பயணம். சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினால் அது தள்ளிவிடுதல்.

4

நமது விமரிசனம் இங்கே அரசு எதிர்ப்பு என்ற சௌகரியமான இடத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இந்திய அளவில் அப்போது 97. கிராம சுகாதாரச் செவிலியர்களும், இரவு பகலாகத் திறந்திருக்கும் ‘சீமாங்’ மையங்களும், ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் விசாரிக்கும் முறையும் சேர்ந்து செய்த காரியம் இது. யாரும் தானமாகத் தந்ததல்ல, மக்கள் வரிப்பணத்தில் கட்டிய பொது அமைப்பு. தனியார் ஆஸ்பத்திரிகள் கடைசி நேரத்தில் கைகழுவும் கேஸ்களை வாங்கிக்கொள்வதும் இந்த அமைப்புதான்.

ஆனால் பூக்கோ 1976 விரிவுரைகளில் பேசிய அந்த நவீன அதிகாரத்தை, வாழவைக்கவும் சாகவிடவும் தெரிந்த அதிகாரத்தை, இந்த 54க்குள்ளும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு மாநிலத்துக்கு ஒரு எண் தருகிறது, சாதிக்கு எண் தருவதில்லை. யார் அந்த 54 பேர்? சேரியா, ஊரா, இருளர் குடியிருப்பா? சராசரி என்பது கேட்கவிடாமல் செய்யும் கலை.

அப்புறம் விசாரணை. மரணத்தை விசாரிப்பது அவசியம். ஆனால் ‘எங்கே தவறியது’ என்று கேட்க வேண்டிய விசாரணை ‘யார் கையில் செத்தாள்’ என்று கேட்கத் தொடங்கும் நாளில், எல்லோருக்கும் ஒரே கவலைதான் மிஞ்சும்: கடைசிக் கையாக நாம் இருந்துவிடக் கூடாது. கலெக்டர் முன்னால் பதில் சொல்ல வேண்டிய பயம், உறவினர்கள் அடிப்பார்கள் என்ற பயம், ஒற்றை ஆளாக இரவு டூட்டியில் நிற்கும் இளம் டாக்டரின் பயம். என் சீட்டின் கீழ்ப்பாதியை எழுதியது இந்தப் பயம்தான். அதை எழுதிய பெண் டாக்டரின் கையும் நடுங்கியது, நான் பார்த்தேன். பயந்தவர் தன்னைவிடப் பலவீனமானவரிடம் பயத்தை இறக்கி வைக்கிறார். கடைசியில் அது போய்ச் சேருவது ஸ்ட்ரெச்சரில் கிடப்பவளிடம்.

பிரேசிலில் அலின் த சில்வா பிமென்டல் என்ற 28 வயது கறுப்பினப் பெண்ணுக்கு நடந்ததை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். 2002 நவம்பர். ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றுவலி என்று போனவளை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வயிற்றில் குழந்தை இறந்திருந்தது. நிலைமை மோசமானதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடிவானது. அங்கே இருந்த ஒரே ஆம்புலன்ஸை அனுப்ப அந்த ஆஸ்பத்திரி மறுத்தது. எட்டு மணி நேரம் காத்திருந்தாள். போய்ச் சேர்ந்த பிறகு அவசரப் பிரிவு நடைவழியில் 21 மணி நேரம் கிடந்து செத்தாள். அவளோடு அவளது மருத்துவக் குறிப்புகள் வந்து சேரவில்லை. ஆம், அங்கேயும் ஒரு சீட்டு. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2011இல் அளித்த முடிவில், இதற்கு அரசே பொறுப்பு என்றது. தனியார் ஆஸ்பத்திரி என்று சொல்லி அரசு தப்ப முடியாது, பெண் என்பதோடு இனமும் வறுமையும் சேர்ந்தே அவளைப் பாகுபடுத்தின என்றது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கிம் ஷேக் என்ற விவசாயக் கூலியைக் கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ‘பெட் இல்லை’ என்று திருப்பினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்றது. எந்த ஆஸ்பத்திரியில் பெட் இருக்கிறது என்று அறிந்து நேராக அங்கே அனுப்ப மையத் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றது. பணமில்லை என்ற காரணம் செல்லாது என்றும் சொன்னது. என் அம்மாவின் ‘மேலன்னா எங்க?’ என்ற கேள்விக்கான பதில் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

5

நம் கிராமத்துப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போனவளுக்காக வைப்பது. அவள் இறக்கி வைக்காத சுமையை, தலைச்சுமையோடு வரும் யாரோ அங்கே இறக்கி வைத்து இளைப்பாறலாம். அந்தச் சமூகத்தைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அவளைச் சாகவிட்டதும் அதே சமூகம்தான். ஆனால் அந்தச் சாவு ஊர்ப்பொதுவில் நடந்தது என்பதை அது ஒத்துக்கொண்டது. குடும்பத்திடம் கையெழுத்து வாங்கவில்லை.

1928இல் பம்பாய் சட்டசபையில் பிரசவகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், ஏனென்றால் மக்கள் நலன் முதலில் அரசின் கவலை என்று வாதிட்டார். ‘நாங்களே பொறுப்பு’ என்று எங்களை எழுத வைக்கும் தாளுக்கு நேர் எதிரான வாதம் அது.

எனவே சில கோரிக்கைகள். பெரிய புரட்சி எதுவுமில்லை. ஒன்று, அனுப்பும் டாக்டர் வாங்கிக்கொள்ளும் டாக்டரிடம் பேசி, அவர் பெயரையும் பேசிய நேரத்தையும் சீட்டில் எழுத வேண்டும். இரண்டு, போட்ட ஊசியும் போடாத ஊசியும் அதில் இருக்க வேண்டும். மூன்று, ‘வழியில் எது நேர்ந்தாலும்’ என்ற வாசகம் நீக்கப்பட வேண்டும். நான்கு, என்ன ஆபத்து, எங்கே போகிறோம், ஏன் என்பது அந்தப் பெண்ணுக்கே தமிழில் சொல்லப்பட்டு, தமிழில் எழுதப்பட வேண்டும். ஐந்து, சாவுகளோடு, தப்பிப் பிழைத்தவர்களின் வழிப்பயணமும் விசாரிக்கப்பட வேண்டும். அதில் அவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். இயக்கத் தோழர்கள் அவரவர் ஊரில் இப்படிப்பட்ட சீட்டுகளைச் சேகரிக்கலாம். பெயர்களை அடித்துவிட்டு ஒரு ஐம்பது சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், தனித்தனிக் குடும்பத்தின் ‘லேட்’டாகத் தெரிந்தது வேறு ஏதோவாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

என் தங்கையிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினேன். ‘எல்லாம் சரிதாண்ணா, ஆனா வண்டில எனக்கு என்ன ஆச்சுன்னு நீ ஒரு தடவகூடக் கேக்கலியே’ என்றாள். அதை அவள்தான் எழுத வேண்டும்.