கேமரன் மலையும் குறிஞ்சித் திணையும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. வகுப்பறையில் அப்பகுதி பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. ஆயின், அப்பூக்களைக் கொய்தவர் யாவர் என்பதே முதற்கண் நோக்கத்தக்கது. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியாடிச் சாரலிற் பூப்பறித்துப் பாறையிற் குவிக்கின்றனர்; தழையும் கோதையும் புனைகின்றனர். புனங்காவலின் இடையே நிகழ்ந்த தேடல் அது. நிலத்தோடு பழகியவர்க்கே அந்நிலத்துப் பூக்கள் பெயரோடு வசப்படும் என்பது அப்பட்டியலின் உட்பொருள்.

இவ்வுண்மையைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் வைத்து நோக்குதல் தகும். 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. அம்மலைச் சரிவுகள் தோட்டங்களானதில் தமிழர் உழைப்புக்குப் பெரும்பங்குண்டு. தேயிலையும் பூப்பதே, வெள்ளிதழும் மஞ்சள் மகரந்தமும் உடைய சிறுபூ அது. கொழுந்து பறித்தலும் கவாத்தும் ஓயாது நிகழ்வதால் அப்பூ அருகியே தோன்றும். தோட்டத்தைக் கடந்து பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டை அடைந்தால், காட்டு ரோடோடென்ட்ரனும் பலவகை ஆர்க்கிடும் காணலாம். மலாய்மொழியில் ‘பெரியோக் கெரா’, அஃதாவது குரங்கின் பானை, எனப்படும் கெண்டிச்செடியும் அங்குண்டு. பூவென மயங்கச் செய்யும் அதன் கெண்டி, இலைநுனி திரிந்த உறுப்பேயாம். இளவேனில் எனத் தனிப்பருவம் இல்லாத மலை இது. பூவைத் தேடுவோர் பருவத்தை நம்பாது கண்ணையே நம்புதல் வேண்டும்.

எனினும், இம்மலையைப் பாடப்புகும் மாணவர் கை, பழகிய நூற்பெயர்களையே நாடுகிறது. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது. கேமரன் மலையில் இயல்பாக வளர்வதன்று. அதனை இங்கு மலரச் செய்தல் மரபைப் போற்றுதல் ஆகாது. கண்ணெதிரே உள்ளதைக் காணாமையே ஆகும்.

புதுப்பூவைப் பாடினால் திணை மரபு கெடும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்திற்கு இடமில்லை. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வரின், வந்த நிலத்திற்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது தொல்காப்பியர் கருத்து. கபிலரும் தம் மலைப்பாட்டில் தாமரை, நெய்தல், முல்லை ஆகியவற்றுக்கு இடமளித்தார். வந்த பூவையே ஏற்கும் இலக்கணம், அம்மண்ணிலேயே முளைத்த பூவை விலக்குமோ?

ஆதலின், குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரைக் காட்டோரம் அழைத்துச் செல்லுதல் நன்று. பறியாமலே பூவின் நிறமும் இடமும் காலமும் அவர்கள் குறிக்கட்டும். மலாயரும் செமாய் மக்களும் வழங்கும் பெயர்களைக் கேட்டறியட்டும். பொருந்திய தமிழ்ப்பெயரை ஆராயட்டும். அதன்பின் எழுதப்படும் பாட்டிலேதான் கேமரன் மலை தமிழில் தனக்குரிய குறிஞ்சி நிலமாகும்.