கசடு செய்யும் கைங்கரியம்

லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது பெக்டன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத இடம். ஆனால் ரசிக்க நிறைய உண்டு.

கம்பித் தடுப்புகள் துணியையும் பிளாஸ்டிக்கையும் பிடித்து நிறுத்துகின்றன. பிறகு மணல் படிகிறது, கனமான கசடு அடியில் தங்குகிறது. நிஜமான வித்தை அதற்கப்புறம்தான். காற்றூட்டும் தொட்டியில் அடியிலிருந்து குமிழ்கள் ஓயாமல் மேலேறுகின்றன. அந்தக் காற்றைச் சுவாசித்தபடி எண்ணற்ற பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த அழுக்கைத் தின்று, திப்பிதிப்பியான கசடாகத் திரள்கின்றன. 1914இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆர்டெர்னும் லாக்கெட்டும் உலகுக்கு அறிவித்த முறை இது.

நன்றாக வேலை செய்யும் கசட்டில் சாக்கடை நாற்றம் வீசாது; மண் வாசனைதான் வரும். அதை ஒரு லிட்டர் குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழுப்பெல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். தொட்டியின் ஆரோக்கியத்துக்கு இந்தக் குடுவைதான் நாடி பார்க்கும் வைத்தியர்.

1950களில் லண்டன் பகுதித் தேம்ஸில் மீன்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. பெக்டனும் எதிர்க்கரையிலுள்ள கிராஸ்னெஸ் சுத்திகரிப்பு நிலையமும் மேம்படுத்தப்பட்டன. நதி மீண்டுவருவதற்கு அடையாளமாக, 1974இல் ஒரு மின்நிலையத்தின் நீர்வடிகட்டியில் சால்மன் மீன் சிக்கியது. நதியைத் தாயென்று கும்பிடுவோம், தப்பில்லை. நம் ஊர்ச் சாக்கடை எந்தத் தொட்டியைத் தாண்டி ஆற்றில் கலக்கிறது என்பதையும் ஒருமுறை விசாரித்து வைப்போம்.