கேட்பவர் யார், உரியவர் யார்?

தொண்டு நிறுவனங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இப்போது பாட்டு தேவைப்படுகிறது. துண்டறிக்கையை யாரும் படிப்பதில்லை, கண்ணாடிப் பெட்டி முன்னால் யாரும் நிற்பதில்லை, ஒலியைப் போட்டால் ஆள் நிற்கும் என்கிறார்கள். நிற்கிறார்கள்தான். நின்றவரை அந்த ஒலி என்னவாக ஆக்குகிறது? எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து இதைப் பேசலாம்.

2017 ஜனவரியில் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வெளியானது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடியது. பின்னால் நின்றவர்கள் சூழலியல் செயல்பாட்டாளர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைத் தூர்த்துக்கொண்டிருந்ததுதான் பொருள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் புறம்போக்கு என்றால் வரிவிதிப்புக்கு வெளியே நிற்கும் நிலம். ஏரி, கழிமுகம், மேய்ச்சல் தரை என்று ஊருக்குப் பொதுவாக இருப்பவையும் அதில் அடக்கம். நம் வாயில் அது வசவு. பொதுவுடைமைக்கான சொல் வசவாகிப்போன கதையில் ஒரு வர்க்க வரலாறே இருக்கிறது. அந்த வசவை ராகமாலிகையில் ஏற்றி, 'சுத்தம்' பார்க்கும் சபாக் காதுக்குள் நுழைத்தது சாதாரணக் காரியமில்லை. இதைக் குறைத்துச் சொன்னால் நேர்மையாகாது.

ஆனால் ஒலிப்பிரதியாக வாசிக்கும்போது ஒரு முரண் வெளிப்படுகிறது. சொற்கள் பேச்சுத்தமிழ், குரலும் வயலினும் மிருதங்கமும் கச்சேரியினுடையவை. ஆற்றில் சாம்பல் கலப்பதை எண்ணூர்க்காரருக்குப் பாடிக்காட்ட வேண்டியதில்லை; வலையை இழுத்தால் கையோடு வருகிறது. ஆக, பாடல் விளிப்பது வேறொருவரை. எந்தக் குரல் சொன்னால் அவர் நம்புவாரோ அந்தக் குரலிலேயே அவரைக் கூப்பிடுகிறது. காதுக்கும் சாதி உண்டு. அந்தப் படிநிலையைப் பாடல் பயன்படுத்திக்கொள்கிறது, கலைத்துப்போடவில்லை. உத்தி என்ற அளவில் சரி. அதையே வெற்றியென்று எண்ணிக்கொண்டால்தான் சிக்கல்.

அடுத்த ஆண்டு ஜனவரியில், பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றியது. இசையை ஒருங்கிணைத்தவர் டென்மா. பெயரின் வேர் அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லில் இருக்கிறது. இங்கே வடசென்னைக்காக வேறொருவர் பாடவில்லை, கானாக்காரர்களே பாடினார்கள். ஆண்கள் தம் கையில் வைத்திருந்த கானாவில் ராயபுரத்து இசைவாணியின் குரல் உரிமையோடு ஒலித்தது. மரபைக் கொண்டாடும்போது, அது யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் இந்தக் குரல் நினைவூட்டியது.

அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? கானாவின் பிறந்த வீடு சாவு வீடு. ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், 'பார்வையாளர்' என்று அங்கே ஒருத்தரும் கிடையாது. "அவருக்குப் புடிச்சத ஒண்ணு பாடுப்பா" என்று கேட்பவர் செத்தவரின் மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் கூட வேலை செய்தவராக இருப்பார். விடிந்ததும் பாடைக்குத் தோள் கொடுக்கிறவரும் அவரே. கேட்டவருக்கு ஒரு கடமை இருக்கிறது. மேடைக்குக் குரலின் உரிமையாளர் வந்து சேர்ந்தார். கேட்பவரின் கடமை வந்து சேரவில்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்துச் சனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பிறகு தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஆறேழு வருசத்துக்கு முன்னால் பாட்டைக் கேட்டு நெகிழ்ந்த நமக்கும் அந்த இரவுக்கும் என்ன உறவு? பாடல்களைப் பார்த்து இதைக் கேட்கவில்லை, நம்மைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

நாளைக்கு இந்தக் கரையில் ஓர் அருங்காட்சியகம் வரலாம். காதில் மாட்டும் கருவியில் அலையும் கானாவும் ஒலிக்கலாம். எந்தப் பாட்டை வைப்பது, எதை வைக்கக்கூடாது என்று முடிவெடுப்பது யார்? ஒலிப்பதிவின் உரிமை பாடியவருக்கா, நிறுவனத்துக்கா? ஒப்பாரி வைத்த பெண்ணின் பெயர் சுவரில் இருக்குமா? குப்பத்து ஆட்கள் உள்ளே வந்து "இதை எடுத்துடு" என்று சொன்னால் எடுப்பார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் ஒலிபெருக்கியைப் பொருத்துவது, உயிரோடிருக்கிற ஆற்றுக்குக் காட்சிப்பெட்டி செய்கிற வேலை. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கை நிறுவனங்கள் வைத்துக்கொள்ளட்டும். கேட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த கசிவின்போது பெரியகுப்பத்துத் தெருவில் வந்து உட்காருவார்கள் என்ற கணக்கு நமக்கு வேண்டும்.