ஒட்டுப் போட்ட சித்திரம்

எழுத்தாளன் தன் கதைக்குப் போடப்பட்ட சித்திரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்பதே சந்தேகந்தான். சொன்னால், சித்திரக்காரர் பதிலுக்குக் கதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிடக்கூடும். அந்தப் பயத்தினால் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது சொல்ல வேண்டி வந்துவிட்டது. என் கதை ஒன்றுக்கே, பதினைந்து வருஷ இடைவெளியில், இரண்டு பேர் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் பேனாவையும் இந்தியன் இங்க்கையும் கொண்டு போட்டார். மற்றவர், கதை ஒரு மலரில் மறுபடி வெளியானபோது, டிஜிட்டல் பலகையில் போட்டார்.

கதை சின்னதுதான். சொத்துத் தகராறில் பிரிந்துபோன அக்கா ஒருத்தி, இருபது வருஷம் கழித்துத் தம்பி வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் போனாளா இல்லையா என்று நான் எழுதவில்லை. (எழுதியிருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டு கடிதம் போட்டவர்கள் உண்டு.)

முதல் சித்திரத்தில் அக்காவின் முதுகுதான் தெரிகிறது. கையில் ஒரு துணிப்பை. ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். செருப்பைக் கழற்றவில்லை. திறந்த கதவுக்குள்ளே ஒரே கறுப்பு. மொத்தம் முப்பது நாற்பது கோடுகள்தான் இருக்கும். இரண்டாவது சித்திரம் முழுப் பக்கம், பல வர்ணம். அக்காவின் முகம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தியில் விழும் வெளிச்சம், இமையில் தொங்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் எல்லாம் இருக்கின்றன. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் என் கதையில் அக்கா அழவில்லை. அழ முடிந்திருந்தால் அவள் அப்போதே உள்ளே போயிருப்பாள். நான் நாலு பக்கம் பாடுபட்டுச் சாத்தி வைத்த கதவை அந்த ஒரு சொட்டு திறந்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், எல்லோரையும்போல நானும் அவசர முடிவுக்கு வந்தேன். குற்றம் கருவியினுடையது என்பது என் முடிவு.

அந்த முடிவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில், பாட்டி காலத்தில் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கதையைப் படிக்கும் வயசு வருவதற்கு முன்பே மணியம் போட்ட படங்களை நான் படித்து முடித்திருந்தேன். அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு நிர்ப்பந்தம் இருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காலத்து அச்சு முறையில் கோட்டுச் சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து, 'பிளாக்' செய்வார்கள். பிளாக்குக்குக் கறுப்புத் தெரியும், வெள்ளை தெரியும், நடுவே இருக்கும் சாம்பல் தெரியாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியோ குறுக்கும் நெடுக்குமாக இழைத்தோதான் காட்ட வேண்டும். அளவுக்கு மீறி நெருக்கினால், மட்டக் காகிதத்தில் மை பரவி, நிழல் வெறும் கறையாகிவிடும். நீரில் கரைத்த மையைப் பூசி வரைகிற 'வாஷ்' சித்திரத்துக்கு 'ஹாஃப்டோன்' பிளாக் உண்டு என்றாலும், மட்டக் காகிதத்தில் அதற்குப் பெரிய புள்ளிகள் தேவைப்பட்டன. நுணுக்கமெல்லாம் அதில் கரைந்து போகும். அச்சாகிற அளவைவிடப் பெரிதாக வரைந்து, காமிராவில் சுருக்குவது வழக்கம். சுருங்கும்போது எந்தக் கோடு நிற்கும், எது செத்துப்போகும் என்று வரைகிறபோதே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில்பி கோயில் கோயிலாகப் போய், ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்க'ளுக்காகப் போட்ட படங்களைப் பாருங்கள். கல்லின் வழவழப்பைப் பேனாக் கோடு கொண்டு காட்டியிருக்கிறார். ஆனாலும் அங்கே பக்கத்தின் வெள்ளை மூச்சு விடுகிறது. எதை விட்டுவிடுவது என்ற பாடத்தை அச்சுக்கூடமே கற்றுக் கொடுத்திருக்கிறது. என் கதைக்கு முதலில் படம் போட்ட பெரியவரும் பிளாக் காலத்தில் தொழில் கற்றவர்தான். ஆஃப்செட் வந்து எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆன பிறகும் அவர் கை மாறவில்லை.

இந்த ஞானத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டாவது சித்திரக்காரரைப் பார்க்கப் போனேன். இளைஞர். பெயர் சொல்லப் போவதில்லை. என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்த மனிதர். அவருடைய பேனாவில் மை கிடையாது. கண்ணாடிமேல் அது அழுந்துகிற அழுத்தத்தைப் பலகை ஆயிரக்கணக்கான படிகளாகப் பிரித்து அறிந்துகொள்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, பலமாக அழுத்தினால் தடித்த கோடு. வீடு ஒரு தாளில், அக்கா ஒரு தாளில், வெளிச்சம் ஒரு தாளில் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதை வேண்டுமானாலும் தனியே உருவி மாற்றலாம். இதற்கு 'லேயர்' என்று பெயர். பிடிக்காத கோட்டை இரண்டு விரலால் தட்டினால் மறைந்துவிடுகிறது. எனக்காக ஒரு புருவம் போட்டுக் காட்டினார். போட்டார், அழித்தார், போட்டார், அழித்தார். பதினேழு வரைக்கும் எண்ணினேன்.

"இப்படி அழித்துக்கொண்டே இருந்தால் கோட்டுக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"பேனாவில் போடுகிறவர்களும் பென்சிலில் பத்துத் தரம் அழித்துவிட்டுத்தான் இங்க்கைத் தொடுகிறார்கள், சார். நீங்கள் அடித்து எழுதுவதில்லையா?" என்றார்.

நான் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். பேச்சை மாற்றினேன்.

ஆனால் மேலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, கோட்டை நேராக்கிக் கொடுக்கும் ஒரு வசதி. கை நடுங்கினாலும், தயங்கினாலும், பலகை அதைத் திருத்தி வழவழவென்று கொடுத்துவிடுகிறது. கோபுலுவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது, அவர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டு மறுபடியும் படம் போட்டார். அந்த இடது கையை இந்தப் பலகையிடம் கொடுத்திருந்தால், அது வலது கையாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கும். யாருக்கு லாபம்?

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரிது. இளைஞர் கண்ணாடிமேல் இரண்டு விரலை வைத்து அகட்டினார். அக்காவின் முகம் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் ஒரு கண் மட்டும் பலகை முழுவதையும் அடைத்துக்கொண்டது. முகம் போய்விட்டது, வாசல் போய்விட்டது, கதையும் போய்விட்டது. மிஞ்சினது ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இமை. அந்த அளவில் பார்த்தால் சும்மா விட்ட இடமெல்லாம் குறையாகத்தான் தெரியும். கை தானாக அதை நிரப்பப் போகும். காகிதத்தில் வேலை செய்கிறவனும் குனிந்து பார்ப்பது உண்டு. ஆனால் முழுப் படமும் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கும். அதை மறக்க முடியாது. அந்தக் கண்ணீர்ச் சொட்டு எப்படி வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது. அது அக்காவின் துக்கத்தினால் வரவில்லை. இடம் இருந்ததனால் வந்தது. கேட்டேன். "கண் வெறுமையாக இருந்தது, சார்" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பத்திரிகைப் படத்தை இப்போது நிறையப் பேர் ஃபோனில் பார்க்கிறார்கள். முதுகைப் போட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று பத்திரிகையில் சொல்கிறார்களாம். அன்றைக்குத் துத்தநாகத் தகடு, இன்றைக்கு உள்ளங்கை அளவு கண்ணாடி. நிர்ப்பந்தம் எந்தக் காலத்துக்கும் உண்டுதான். ஆனால் தகடு விதித்த நிர்ப்பந்தம் ஒரு பாணியை உண்டாக்கியது. கண்ணாடி ஏன் உண்டாக்கவில்லை? வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் ஃபோனில் பார்த்தேன். பல வர்ண முகம் மங்கலான மாம்பழம்போலத் தெரிந்தது. முப்பது கோட்டு முதுகு, கட்டை விரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கினபோதுகூட, வாசலில் தயங்கி நின்றது.

கண்ணாடிக்கும் சொந்தமாக ஒரு குணம் உண்டு என்று காட்டிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமானவன் ஆவேன். டேவிட் ஹாக்னி, 1937-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். எண்ணெய் வர்ணம், நீர் வர்ணம், செதுக்கு அச்சு எல்லாவற்றிலும் பேர் வாங்கிவிட்டு, எழுபது வயசைத் தாண்டிய பிறகு, 2009-ல் ஐஃபோனில் விரலால் படம் போட ஆரம்பித்தார். அடுத்த வருஷம் ஐபேட். யார்க்‌ஷயரில் தம் வீட்டுப் படுக்கையில் இருந்தபடியே, ஜன்னலில் தெரிகிற விடியலை வரைந்தார். விடியலை வர்ணத்தில் பிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இருட்டில் வர்ணம் கலக்க முடியாது. விளக்கைப் போட்டாலோ, விடியல் ஓடிப்போய்விடும். தானே ஒளி விடுகிற பலகைக்கு விளக்கு வேண்டியதில்லை. வர்ணம் காய்வதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். வானம் மாறுகிற வேகத்துக்குக் கையும் போகலாம். காகிதத்தால் செய்ய முடியாத ஒரு காரியத்தை அந்தக் கருவியிடம் அவர் கேட்டு வாங்கினார். கோடுகள் கிறுக்கலாக, தட்டையாகத்தான் இருக்கின்றன. எண்ணெய் வர்ணம்போல வேஷம் போடவில்லை.

2011-ல் வோல்ட்கேட் என்ற கிராமத்துச் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்து, 51 படங்களைப் பெரிய காகிதத்தில் அச்சிட்டு, 32 திரைகளை இணைத்து எழுதிய ஓர் எண்ணெய் வர்ண ஓவியத்தோடு சேர்த்து, 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தார். நான் இவற்றைப் புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு உட்பட்டதுதான் என் அபிப்பிராயம். காகிதத்துக்கு வந்ததும் அந்தப் பச்சைகள் கூச்சல் போடுகின்றன. உள்ளிருந்து வந்த ஒளி போய்விட்டது. இலைக்கு இலை அதே முத்திரை திரும்பத் திரும்ப விழுந்திருப்பது தெரிகிறது. சின்னஞ்சிறு விடியல்களைத்தான் நான் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். அவை ஒளிக்காக ஒளியில் எழுதியவை.

எனக்கு ஆகாதது வேஷந்தான். இப்போது பலகைக்கென்று விற்கிற தூரிகைகளில் நீர் வர்ணக் கறை உண்டு, காகிதத்தின் சொரசொரப்புக்கூட உண்டு. நிஜ நீர் வர்ணத்தில் வெள்ளை என்பது விட்டுவைத்த காகிதம். வர்ணத் தூள் காகிதத்தின் பள்ளங்களில் போய்ப் படிகிறது. ஒரு பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது அடுத்ததன் நீர் அதில் இறங்கினால், காலிஃபிளவர்போல விளிம்பு கட்டிக்கொள்கிறது. அதைச் செய்வது தண்ணீர். ஓவியன் பாதி சாட்சிதான். அந்தக் கறையைப் பொத்தானால் வைப்பது, கல்யாணப் பந்தியில் காகித வாழையிலைக்கு நரம்பு அச்சடித்திருப்பது போன்றது. சாப்பாடு என்னவோ இறங்கத்தான் இறங்குகிறது. (சொன்ன மாத்திரத்தில் படம் செய்து தருகிற இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றுக்குக் கையே கிடையாதாகையால் இங்கே இடம் கொடுக்கவில்லை.)

இவ்வளவும் எழுதிவிட்டு, முதல் படத்தின் மூலத்தை ஒரு தரம் பார்த்தால் தேவலை என்று பெரியவரின் வீட்டுக்குப் போனேன். பரணிலிருந்து கட்டு ஒன்றை இறக்கி, அதில் தேடி எடுத்துக் கொடுத்தார். அச்சில் தெரியாத விஷயங்கள் மூலத்தில் தெரிந்தன. பையின் ஓரத்தில் வெள்ளை போஸ்டர் கலர் தடவித் திருத்தியிருந்தார். படிக்கட்டில் பிளேடால் சுரண்டிய தடம். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காவின் முதுகு முழுவதும் வேறு காகிதம். வெட்டி, பசை தடவி, மேலே ஒட்டியிருந்தது.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுக்கு அடியில் ஒரு முகம் தெரிந்தது.

"அழுகிறாளா?" என்று கேட்டேன்.

"அழுகிறாள், தம்பி. யாராக இருந்தாலும் முதலில் அழுகையைத்தான் போடுவோம். ராத்திரி கதையை இன்னொரு தரம் படித்தேன். அப்புறம்தான் ஒட்டுப் போட்டேன்."

அழிக்க முடியாத கோடு என்று நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த கோபுரம் சரிந்தது. பெரியவரும் அழித்தவர்தான். ஆனால் அவர் அழித்தது ஒரே தரம். அதற்கு ஒரு ராத்திரி செலவாயிற்று. அந்த ராத்திரியில் அவர் படத்தைப் பார்க்கவில்லை, கதையைப் பார்த்தார். இளைஞரின் பதினேழு புருவங்களுக்கும் சேர்த்து அரை நிமிஷந்தான் ஆயிற்று. கதைக்குத் திரும்பிப் போக நேரம் கொடுக்காத வேகம் அது. அந்தப் பதினேழும் எங்கே போயின என்று கேட்டால் அவராலும் காட்ட முடியாது. ஒட்டுக்கு அடியில் இருக்கிற முகம் பதினைந்து வருஷமாக அங்கேயே இருக்கிறது.

பெரியவரிடம் கேட்டு வாங்கி, மூலத்தை இளைஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒட்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"கதையைப் படித்துவிட்டு ஒட்டினாரா, ஒட்டின பிறகு மறுபடி படித்தாரா?" என்று கேட்டார்.

எனக்கு அதை விசாரிக்கத் தோன்றவில்லை.