ஆறு அடுக்கில் நமக்கு இரண்டு

கோவில்பட்டியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் பிள்ளைகள் வேலையில் சேர்ந்ததும் கற்றுக்கொள்ளும் முதல் சடங்கு, காலையில் நின்றபடி நடத்தும் கால் மணி நேரக் கூட்டமான ஸ்டேண்ட்-அப். அடுத்தது இரண்டு வார வேலைச் சுற்றான ஸ்பிரின்ட். இவ்வளவுதான் அஜைல் என்னும் மென்பொருள் உருவாக்க முறை என்று பலரும் நம்புகிறார்கள்.

அஜைல் நூலாசிரியர் மைக் கோன் வரைந்த படத்தில் திட்டமிடலுக்கு ஆறு வளையங்கள் உண்டு: நிறுவனத்தின் உத்தி, தயாரிப்புகளின் தொகுப்பு, தயாரிப்பு, ரிலீஸ், ஸ்பிரின்ட், அன்றாடம். தொலைவில் இருப்பதை மேலோட்டமாகவும் கிட்டத்தில் இருப்பதை நுணுக்கமாகவும் திட்டமிடு என்பதே இதன் சாரம். நல்ல யோசனைதான். ஆறு மாதம் கழித்துச் செய்யப்போகும் வேலைக்கு இன்றே மணிக்கணக்கு போடுவது வீண்.

கரிசல் மானாவாரிக்காரருக்கு இது புதிதல்ல. மழைக்கு முன்பே புழுதியில் பருத்தியோ சோளமோ விதைப்பார். மழை பிந்திவிட்டால் பருத்தியை விட்டுவிட்டு சூரியகாந்திக்கோ கொத்தமல்லிக்கோ மாறுவார். 1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்கு இப்படி மாற்றுவழிகளை ஆராய்ந்து வந்திருக்கிறது. இதில் முக்கியமானது ஒன்று: வானம் பொய்த்தால் அந்த வருஷத் திட்டத்தையே மாற்றும் உரிமை நிலத்தில் நிற்பவரிடம் இருக்கிறது.

நம் மென்பொருள் சேவை நிறுவனங்களில் இல்லாதது அந்த உரிமைதான். என்ன செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்துக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே ஸ்பிரின்ட் தொடங்குகிறது. மேல் வளையங்கள் நான்கும் கிளையன்ட்டின் நாட்டில். அடி இரண்டு மட்டும் இங்கே. ஸ்பிரின்டின் இலக்கு காலாவதியானால் அதை ரத்து செய்யும் அதிகாரம், எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனருக்கு மட்டுமே உண்டு என்கிறது ஸ்பிரின்ட் முறைக்கு விதி சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டி. அவர் கடலுக்கு அப்பால் இருக்க, இங்கே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தகவலைக் கடத்துகிறாரே தவிர முடிவெடுப்பதில்லை.

மேலே எதையும் மாற்ற முடியாதபோது அழுத்தம் முழுக்கக் கீழே இறங்குகிறது. ஸ்பிரின்டில் இவ்வளவு முடியும் என்பது குழுவின் முன்கணிப்பே ஒழிய வாக்குறுதி ஆகாது என்று 2011-லேயே வழிகாட்டியின் வாசகத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் வேலையின் அளவைக் குறிக்கும் ஸ்டோரி பாயிண்ட் போன முறை முப்பது என்றால் இந்த முறை முப்பத்தைந்து என்று மேலாளர் கேட்கிறார். குழுவும் சளைத்ததில்லை; மூன்று பாயிண்ட் வேலைக்கு ஐந்து என்று எழுதிவிடும். கணக்கு கூடும், மென்பொருள் கூடாது.

பெரிய நிறுவனங்கள் தேடிக்கொண்ட மருந்து, பல குழுக்களை ஒருங்கிணைக்கும் ஸேஃப் (SAFe) என்னும் முறை. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குழுக்களும் இரண்டு நாள் கூடித் திட்டமிடும். யார் வேலை யாருடையதோடு முட்டுகிறது என்பது முன்கூட்டியே தெரியவரும். அந்த லாபத்தை மறுக்க முடியாது. ஆனால் அத்தனை பேர் கூடி எழுதிய திட்டத்தை மூன்றாம் வாரத்தில் கலைக்க யாருக்குத் துணிவு வரும்?

சொந்தத் தயாரிப்பை விற்கும் நிறுவனத்தில் ஆறு வளையங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்க வாய்ப்புண்டு. 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு வந்த மென்பொருள் நிறுவனமான ஸோஹோ அந்த வகை. அதனாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. விற்பனைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வரும் தேதியும் ஒப்பந்தம் மாதிரிதான். வித்தியாசம், அவரைத் தேடிப் போய்ச் சண்டை போடலாம்.