ரைசன் 5 5600: ஓவர்க்ளாக் செய்து பத்து இரவு சோதித்ததில் கண்டது

1998-இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ சிப்பை வாங்கியவர்களில் பலர் அதை 300 மெகாஹெர்ட்ஸில் ஓட்டவில்லை. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினார்கள். அதே சிப் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கொடுத்த காசுக்கு ஒன்றரை மடங்கு வேகம். ஓவர்க்ளாக் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றும் பலருக்கு வரும் ஆசை அந்தக் காலத்தில் விதைக்கப்பட்டது.

இன்றைய சிப்களில் அவ்வளவு மிச்சம் வைப்பதில்லை. சூட்டையும் மின்சாரத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து, இடம் இருக்கும் வரை அவை தாங்களாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. பிறகு நாம் கைவைக்க என்ன இருக்கிறது? பழைய ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்றும் தேடி வாங்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600-ஐ எடுத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தேன்.

மேஜையில் இருந்தவை

2022 ஏப்ரலில் வந்த சிப் இது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ். அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.4. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட் வழியாக 76 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. அதிகபட்ச வெப்பம் 90 டிகிரி. பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 120 மிமீ விசிறி ஒன்று பொருத்திய டவர் கூலர். ஏசி போடாத சென்னை அறை. சோதித்த நாட்களில் 32, 33 டிகிரி இருந்தது. ஏ520 போன்ற ஏ வரிசை சிப்செட் உள்ள போர்டுகளுக்கு ஏஎம்டி ஓவர்க்ளாக் வசதி தருவதில்லை என்பதால், வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், கம்பெனி செட்டிங்கிலேயே ஒரு நாள் முழுக்க அளந்து குறித்துக்கொண்டேன். சிப்பின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இல் எல்லா கோரும் சேர்ந்து சுமார் 10,900 புள்ளி, ஒற்றைக் கோரில் 1,460. டவர் கூலரில் 71 டிகிரி. பெட்டியோடு வரும் சிறிய கூலரை மாட்டியபோது அதே வேலைக்கு 84 டிகிரி. இந்தக் குறிப்பு கையில் இல்லாவிட்டால் பின்னால் எது லாபம், எது நஷ்டம் என்று சொல்லவே முடியாது.

பழைய வழி ஏன் வேண்டாம்

எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டி, அதற்கு வேண்டிய வோல்டேஜைக் கையால் கொடுப்பது பழைய வழி. 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு முயன்றேன். ஓடியது, ஆனால் சூடு வேகத்தைவிட வேகமாக ஏறியது. இதற்குக் காரணம் எளிய கணக்கு. சிப் குடிக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் விகிதத்தில் கூடுகிறது. வோல்டேஜைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடுகிறது. வேகத்தை 5 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் ஏற்றினால் மின்சாரம் ஏறத்தாழ 27 சதவீதம் எகிறும். ஐந்துக்காக இருபத்தேழு கொடுப்பது நம் ஊர் வெயிலுக்குக் கட்டுப்படியாகாது. ஒரே நாளில் அந்த வழியைக் கைவிட்டேன்.

கர்வ் ஆப்டிமைசர்

ரைசன் 5000 வரிசையோடு வந்த கர்வ் ஆப்டிமைசர் நேர் எதிர்த் திசையில் போகிறது. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஒவ்வொரு சிப்பிலும் ஒரு பட்டியல் உண்டு. சுமாரான சிப்பும் சுமாரான போர்டும் சேர்ந்தாலும் தடுமாறக் கூடாது என்று அதில் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கிறார்கள். அந்தக் கூடுதலைக் கோர் கோராகக் கழிக்க இந்த வசதி விடுகிறது. ஒரு படி கழித்தால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். அதிகபட்சம் 30 படி. வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் சிப் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும்.

76 வாட் எல்லையை அப்படியே விட்டேன். பூஸ்ட் எல்லையை மட்டும் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ஆறு கோருக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். விண்டோஸ் ஏறியது. சிப்பைக் கசக்கிச் சோதிக்கும் பிரைம்95-ஐ இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் ஒரு பிழையும் இல்லை.

காபி குடித்துவிட்டு வந்து ஒரு கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். வேறெந்த வேலையும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் அணைந்து மறுபடி ஏறியது. ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ பிழை பதிவாகியிருந்தது. வன்பொருளில் கோளாறு என்பதற்கான அறிவிப்பு அது.

எட்டு மணி நேரம் கசக்கிப் பிழிந்தபோது தாங்கிய சிப், சும்மா இருக்கும்போது ஏன் விழுந்தது? எல்லா கோரும் முழுமூச்சாக ஓடும்போது 76 வாட் எல்லை வேகத்தைக் கட்டிப்போடுகிறது, 4.4-ஐ ஒட்டியே நிற்கும். சும்மா இருக்கும்போதுதான் ஏதோ ஒரு கோர் கண நேரத்துக்கு 4.6 வரை தாவுகிறது. நாம் கழித்த வோல்டேஜ் அந்தத் தாவலுக்குப் போதவில்லை. ராத்திரி முழுக்க நான் சோதித்தது தவறான இடத்தை.

சரியான சோதனை

பிரைம்95 பகா எண் தேடும் நிரல். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலுக்காக எழுதப்பட்டது. மிகப் பெரிய எண்களைப் பெருக்கும்போது ஒரு பிட் தவறினாலும் வாரக்கணக்கான உழைப்பு வீண் என்பதால், தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. அதன் டார்ச்சர் டெஸ்ட், விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் சிப்பிடம் கொடுக்கிறது. விடை மாறினால் சிப் பொய் சொல்கிறது என்று பொருள். சினிபெஞ்ச் படம் வரைந்து முடித்தால் புள்ளி கொடுத்துவிடும். நடுவில் கணக்கு தவறியதா என்று பார்க்காது. அதனால் சினிபெஞ்ச் முடிந்ததை வைத்து உறுதிநிலையைத் தீர்மானிக்காதீர்கள்.

கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி, பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில் மட்டும் ஓட்டி, அடுத்த கோருக்கு மாறுகிறது. மற்ற கோர்கள் ஓய்வில் இருப்பதால் அந்த ஒன்று தன் உச்ச வேகத்துக்குப் போகும். எனக்கு வேண்டிய சோதனை அதுதான். முதல் சுற்றிலேயே இரண்டு கோர்கள் சில நிமிடங்களில் பிழை காட்டின. சிப்பிலேயே மிகச் சிறந்தவை என்று குறிக்கப்பட்ட கோர்கள் அவை. நல்ல கோர்களுக்கு ஆரம்பத்திலேயே குறைந்த வோல்டேஜ்தான் ஒதுக்கியிருப்பார்கள். அவற்றில் கழிக்க இடம் குறைவு.

பிழை வந்த கோருக்கு மட்டும் சில படி திருப்பிக் கொடுப்பது, மறுபடி ஓட்டுவது. ஆறு இரவு இதே வேலை. கடைசியில் நிலைத்த எண்கள்: மைனஸ் 25, 25, 20, 10, 8, 22. உங்கள் சிப்புக்கு இவை பொருந்தாது. அதே மாடலிலும் ஒவ்வொரு சிப்பும் வேறு.

ராமை இதற்கு முன்பே தனியாகச் சோதித்துவிட வேண்டும். ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போடுவதும் ஒருவகை ஓவர்க்ளாக்தான். மெம்டெஸ்ட்86+ நான்கு சுற்று பிழையில்லாமல் முடிந்த பிறகே சிப்பைத் தொட்டேன். இல்லாவிட்டால் பிழை வரும்போது குற்றவாளி ராமா, சிப்பா என்று தெரியாமல் நாட்கள் கரையும்.

கிடைத்தது என்ன

சினிபெஞ்ச் 10,900-லிருந்து 11,500. ஒற்றைக் கோர் 1,460-லிருந்து 1,530. இரண்டிலும் சுமார் 5 சதவீதம். மின்சாரம் அதே 76 வாட். வெப்பம் 71-லிருந்து 69 டிகிரி. வீடியோ மாற்றும் வேலையில் அரை மணி நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் மிச்சம். கேம்களில் வித்தியாசத்தைக் கண்ணால் உணர முடியவில்லை.

பெட்டிக் கூலரிலிருந்து டவர் கூலருக்கு மாறியதில் குறைந்தது 13 டிகிரி. அறை சூடாக இருக்கும் வீட்டில் முதல் செலவு கூலராகவே இருக்கட்டும்.

யாருக்கு ஏற்றது

ஆபீஸ் கணக்கு, ஆராய்ச்சித் தரவு, கல்யாண ஆல்பம் என்று பிறருடைய உழைப்பு தங்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யாதீர்கள். அணைந்து ஏறும் கம்ப்யூட்டர் குறையைச் சொல்லிவிடுகிறது. அணையாமல் ஒரு பிட்டை மாற்றி எழுதும் கம்ப்யூட்டர் சொல்வதில்லை. மாதங்கள் கழித்து ஒரு ஜிப் கோப்பு திறக்காதபோதுதான் தெரியவரும். ஓவர்க்ளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதமும் கிடையாது.

சொந்தக் கம்ப்யூட்டர், பொறுமை, சில இரவுகள் உங்களிடம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பேக்கப் எடுத்துவிட்டு எல்லா கோருக்கும் மைனஸ் 10-இல் தொடங்குங்கள். கோர்சைக்ளரை ஒவ்வொரு கோரிலும் சில மணி நேரமாவது ஓட்டுங்கள். பிறகு ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்தி, ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ பதிவு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு பதிவு இருந்தாலும் பிழை வந்த கோருக்கு வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து சதவீத வேகத்துக்காக ஒரு தவறான விடையைக்கூட ஏற்க வேண்டியதில்லை.